மகள் மந்திரிகளை வரவேற்கும் ஊரில் ஒன்பது நாள்

மகளைத் தமிழ்நாட்டுக்குக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவேன் என்று வீரபாண்டி பேக்கரியில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். சொன்னதைச் செய்யாமல் திரும்பியது என் அறுபத்தெட்டு வயதில் இதுதான் முதல் தடவை. வந்து இறங்கியதிலிருந்து கம்பெனி வாசலிலும் கோவிலிலும் சலூனிலும் ஆளாளுக்கு, “ஏனுங்க, பாப்பா வருதுங்களா?” என்று கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி முடியாது. அதனால் நடந்ததை நடந்தபடி நம் சங்க மலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு இனிமேல் கேட்காதீர்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவன். பதினோரு வயதில் பனியன் கம்பெனியில் டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போனவன். இன்றைக்கு முந்நூறு பேர் என் கம்பெனியில் சாப்பிடுகிறார்கள். பதினோரு நாட்டுக்குச் சரக்கு போகிறது. யாரிடமும் போய் நின்று இதைச் செய்து கொடுங்கள் என்று நான் கேட்டதில்லை. என் பெண்ணுக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டுப் போனதில்லை. அவளே படித்தாள், அவளே பரீட்சை எழுதினாள், மத்திய சர்க்கார் வேலைக்குப் போனாள்.

அவள் பெயர் மஞ்சுளா. வெளிநாட்டில் நம் தூதரகத்தில் புரோட்டோகால் அதிகாரி. அது என்ன வேலை என்று எனக்கே நாலு வருஷம் புரியவில்லை. ஒரு நாட்டு மந்திரி வந்தால் விமானத்திலிருந்து யார் முதலில் இறங்க வேண்டும், யார் கை கொடுக்க வேண்டும், காரில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும், கொடி எந்தக் கையோரம் நிற்க வேண்டும், யாருக்கு எந்த நாற்காலி என்று ஏற்பாடு செய்வது. சோமனூரில் தறி ஓட்டுகிற என் நண்பர் பொன்னுசாமியிடம் இதைப் பெருமையாகச் சொன்னபோது அவர் வெற்றிலையை ஓரம் ஒதுக்கிக்கொண்டு, “அட, நம்மூர்ல பந்தல் காண்ட்ராக்டர் பண்ற வேலைதானுங்க. இதுக்காங்க அத்தனை படிப்பு?” என்றார். ஒரு மாசம் அவரோடு நான் பேசவில்லை.

மஞ்சுளாவுக்கு அங்கே மூன்று வருஷம் முடிகிறது. அடுத்து எங்கே போக விருப்பம் என்று எழுதித் தரச் சொல்லி சர்க்கார் ஒரு பாரம் கொடுத்திருந்தது. டெல்லியில் தலைமை அலுவலகத்தில் இதே வேலை, ஒரு படி மேலே. இல்லாவிட்டால் சென்னையில் அதே இலாகாவின் ஆபீஸ் ஒன்றில் ஒரு நாற்காலி. சென்னை என்றால் ராத்திரி ரயில் ஏறினால் விடியும்போது திருப்பூர். போனில் இதைச் சொன்னதுமே, “பொறு அம்மிணி, நான் நேர்ல வர்றேன், பேசிக்கலாம்” என்று சொல்லிவிட்டேன். அவள் அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. நாலு படுக்கையறை உள்ள வீட்டில் நான் ஒருத்தன். சாயங்காலம் கேட்டைத் திறக்கும் பீகார் வாட்ச்மேன், “கானா காயா, சேட்?” என்று கேட்பான். அன்றைக்கு முழுக்க என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கிற ஆள் அவன் ஒருவன்தான். சென்னை என்று எழுத வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் வேலை.

எந்த நாடு என்று எழுதக் கூடாது என்று மஞ்சுளா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். பெரிய ஆறு ஓடுகிற, டிராம் ஓடுகிற, வெயில் அடித்தாலும் குளிர்கிற ஒரு நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மதியம் இறங்கினேன். இரண்டு பெட்டி. ஒன்றில் அரிசி, துவரம்பருப்பு, கொள்ளு, நிலக்கடலை, கச்சாயம். மற்றதில் என் துணி. வெளியே மகளைத் தேடினால் ஒரு வெள்ளைக்காரர் என் பெயர் எழுதின அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். யோசப் என்று பெயர், தூதரகத்து டிரைவர். எனக்கும் அவருக்கும் ஆளுக்கு நூறு வார்த்தை இங்கிலீஷ் தெரியும், ஆனால் நூறும் வேறு வேறு. “மேடம் தேர்” என்று கட்டிடத்தின் மறுகோடியைக் காட்டினார். அதே விமான நிலையத்தில், பெரிய மனிதர்கள் வரும் வாசலில், யாரோ ஒருவரை வரவேற்க என் மகள் நின்றுகொண்டிருந்தாள். அங்கே என்னை விடமாட்டார்கள். இங்கே அவள் வர முடியாது.

வீட்டு மேஜையில் டைப் அடித்த காகிதம் ஒன்று இருந்தது. மேலே என் பெயர், பெயருக்கு முன்னால் திரு. கீழே நாள் வாரியாக நிகழ்ச்சி நிரல். ஞாயிறு ஏழு முப்பது, காபி, பால் குளிர்பெட்டியில் இரண்டாம் தட்டு. பத்து மணி, ஆற்றங்கரை நடை, யோசப் துணை. வீட்டுக்கு வந்த அப்பனுக்கு நிகழ்ச்சி நிரல் போட்டவள் இந்தப் பூமியில் என் மகள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். முதலில் கோபம் வந்தது. பிறகு படித்துப் பார்த்தேன். எட்டு நாளில் ‘மஞ்சுளாவுடன்’ என்று போட்டிருந்த இடங்கள் நாலு. நாலும் அரைமணி நேரம்.

ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு வேலை. நம் நாட்டிலிருந்து ஒரு குழு வந்து இறங்கியது. நான் ஆற்றங்கரையில் நடந்தேன். ஆறு என்றால் அப்படி ஒரு ஆறு, கரை வரைக்கும் தண்ணீர், அதிலே சாயம் இல்லை, நுரை இல்லை. நம் நொய்யல் ஆற்றை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பெஞ்சுக்கு ஒரு கிழவர் என்று வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் பெஞ்சுக்கு இன்னொருவர் போவதில்லை. நான் போய் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கும்பிட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். பாவம், எனக்குத் தனியாக இருக்க ஆசை போலிருக்கிறது என்று நினைத்துவிட்டாராம். யோசப் பிறகு சொன்னார்.

அன்று சாயங்காலம் அரிசிம்பருப்பு சாதம் செய்தேன். பெண்டாட்டி இருந்தவரை நான் அடுப்படிப் பக்கம் போனதில்லை. இப்போது என்னைப்போல் செய்ய ஆள் கிடையாது. மஞ்சுளா ஏழு மணிக்கு வந்தாள். தட்டை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தாள்.

“உக்காந்து தின்னு கண்ணு.”

“பழகிருச்சுங்கப்பா. விருந்துன்னா நாங்க சமையல்கட்டு சந்துல நின்னுக்கிட்டுத்தான் வாயில போட்டுக்குவோம்.”

“அத்தன பேருக்கு நாற்காலி போடறவளுக்கு ஒரு நாற்காலி இல்லயா?”

சிரித்தாள். “நான் போடற லிஸ்ட்ல எம் பேரு இருக்காதுங்கப்பா. இருந்தா நான் வேலய ஒழுங்காச் செய்யலன்னு அர்த்தம்.”

பாரத்தைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். போன் வந்துவிட்டது.

திங்கட்கிழமை தனியாக டிராம் ஏறினேன். பதினோரு நாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறவனுக்கு டிராம் ஒரு பெரிய விஷயமா என்று யோசப்பை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இறங்க வேண்டிய இடம் வந்தது. கதவு திறக்கும் என்று நின்றேன். திறக்கவில்லை. வண்டி கிளம்பிவிட்டது. அடுத்த நிறுத்தத்திலும் அப்படியே. மூன்றாவதில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி ஒரு பச்சைப் பொத்தானை அமுக்கினாள். கதவு திறந்தது. அந்த ஊரில் எல்லாம் இருக்கிறது, ஆனால் நாமே அமுக்க வேண்டும்.

இறங்கின இடத்தில் பெரிய துணிக்கடை. திருப்பூர்க்காரனால் அதைத் தாண்டிப் போக முடியுமா? உள்ளே போய் ஒரு டீ-சர்ட்டை எடுத்து உள்புறம் திருப்பித் தையலைப் பார்த்தேன். ஓவர்லாக் சுத்தம், கழுத்து ரிப் மட்டும் கொஞ்சம் தளர்வு. அடுத்ததைத் திருப்பினேன். இப்படி ஏழெட்டு. திரும்பிப் பார்த்தால் காவலாள் பக்கத்தில் நிற்கிறான். கூட ஒரு பெண் வந்து, என்ன அளவு வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டாள். நான் லேபிளில் இந்தியா என்று இருந்ததைத் தொட்டுக் காட்டி, “மை டவுன். திருப்பூர். மை டவுன் மேக்கிங்” என்றேன். அவள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, நான் திருப்பின சட்டைகளை ஒவ்வொன்றாகச் சரியாகத் திருப்பி மடித்தாள். எங்கள் ஊர் துணியைப் போட்டுக்கொண்டு அந்த ஊரே நடக்கிறது. எங்கள் ஊர் பெயர் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மகள் என்னை ஆபீசுக்குக் கூட்டிப் போனாள். மறுநாள் தூதரகத் தோட்டத்திலும் ஹாலிலும் பெரிய விருந்து, அந்த நாட்டு மூத்த மந்திரி ஒருவர் முதன்மை விருந்தாளி. அதற்கு ஒத்திகை. நான் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்தேன். கையில் கடிகாரத்தோடு கார் நிற்கும் இடத்திலிருந்து வாசல்வரை நடந்தாள். முப்பத்திரண்டு அடி. திரும்ப நடந்தாள். இந்தத் தடவை மெதுவாக, கொஞ்சம் சாய்ந்து.

“எதுக்கு நொண்டற?”

“அவருக்கு எழுபத்தெட்டு வயசுங்கப்பா, முழங்கால் ஆபரேஷன் ஆனவரு. என்ற நடையில கணக்குப் போட்டா தேசிய கீதப் பாட்டு முன்னாடியே ஆரம்பிச்சிரும்.”

மந்திரிக்கு இடது காது கேட்காது. அதனால் நம் தூதர் வலப்பக்கம் நிற்க வேண்டும். பேசிக்கொள்ளாத இரண்டு நாட்டுத் தூதர்கள் வருகிறார்கள், அவர்களுக்கு நடுவில் மூன்று பேர். யாருக்குப் பன்றி ஆகாது, யாருக்கு மாடு ஆகாது, யாருக்குக் கடலை பட்டாலே மூச்சு அடைக்கும், எல்லாம் அவள் தலையில் இருந்தது. கைப்பையைக் காட்டினாள். ஊக்கு, ஊசிநூல், கறுப்பு டை இரண்டு, தலைவலி மாத்திரை, சின்னக் கொடி. என் கம்பெனியில் இருபது வருஷ சூப்பர்வைசருக்கு இந்த நிதானம் கிடையாது. அதை அவளிடம் சொல்லவில்லை. நம் பிள்ளையை நாமே மெச்சினால் திருஷ்டி.

மதியம் அவளோடு அரைமணி. ஓட்டலில் சிவப்பாக ஒரு சூப் கொண்டுவந்து வைத்தார்கள், நம்மூர் சாயப்பட்டறைத் தொட்டியில் மொண்ட மாதிரி. பீட்ரூட் என்றாள். புளிப்பாக, பரவாயில்லை. அப்போது கேட்டேன்.

“அந்தப் பாரம் எப்பக் குடுக்கோணும்?”

“இந்த வெள்ளிக்கிழமைதானுங்கப்பா கடைசி.” சூப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “விருந்து முடியட்டும், பேசலாங்க.”

புதன்கிழமை பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு போனேன். மஞ்சுளா என்னைத் தோட்டத்துப் பக்கவாசல் ஓரமாக ஒரு தூண் அருகில் நிறுத்தினாள். “பாட்டு முடியற வரைக்கும் இங்கயே நில்லுங்கப்பா. அதுக்கப்புறம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.” நான் சரி என்றேன்.

தூதரும் மற்றவர்களும் முன்வாசலில் வரிசையாக நின்றார்கள். பக்கவாசலில் ஒரு காவலாள் மட்டும். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கவாசலில் ஒரு கார் வந்து நின்றது. பெரியவர் ஒருவர் இறங்கினார், கூட கோட்டுப் போட்ட ஒருவன். காவலாள் சல்யூட் அடித்தானே தவிர வாயைத் திறந்து வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரியவர் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார்.

நம் பக்கத்தில் ஒரு விசேஷம் என்றால் வீட்டு ஆம்பிளை வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருத்தரையும் கும்பிட்டு வாங்க என்று சொல்ல வேண்டும். வந்தவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் முதல் பந்தியில் உட்கார வைக்க வேண்டும். மற்றதெல்லாம் பிறகு. வாங்கன்னு சொல்லவில்லை என்று மூன்று தலைமுறை பேசாமல் இருக்கிற குடும்பங்களை நான் அறிவேன். பெரியவரைப் பார்த்துக்கொண்டு தூண் மாதிரி நிற்க என்னால் ஆகவில்லை. போய்க் கும்பிட்டேன். “வாங்க, வாங்க. குளுருதுங்களா, உள்ள வாங்க” என்று கையைப் பிடித்தேன். பெரியவர் என் வேட்டியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், சிரித்துக்கொண்டு கூடவே வந்தார். நேராகச் சாப்பாட்டு ஹால். தட்டெல்லாம் அடுக்கி வைத்திருந்தது. ஒரு நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு வடை, தேங்காய்ச் சட்னி வைத்தேன். கோட்டுப் போட்டவன் என்னவோ சொல்ல வந்தான். “நீங்களும் சாப்புடுங்க தம்பி” என்று அவனுக்கும் ஒரு தட்டு கொடுத்தேன்.

பெரியவர் இரண்டாவது வடையைப் பாதி தின்றிருந்தார். அப்போது மஞ்சுளா வந்தாள். ஓடி வந்தவள் வாசல்படியில் நடையாக மாறினாள். தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெரியவர்தான் மந்திரி. அவருடைய டிரைவர் வாசல் மாறி, பத்து நிமிஷம் முன்னாலேயே கொண்டுவந்து விட்டிருக்கிறான். முன்வாசலில் தூதர், பாண்டு வாத்தியம், மற்ற நாட்டுத் தூதர்கள் அத்தனை பேரும் வராத காருக்காகக் காத்து நிற்கிறார்கள்.

அப்புறம் அவள் செய்ததைத்தான் நான் சாகும்வரை சொல்வேன். காதோரம் வைத்திருந்த கருவியில் ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். மந்திரியின் வலப்பக்கம் வந்து குனிந்து அவர் பாஷையில் என்னவோ சொன்னாள், அவர் தலையாட்டி இன்னொரு வாய் தின்றார். இரண்டு நிமிஷத்தில் தூதர் உள்ளே வந்து, அவசரமே இல்லாதவர் மாதிரி அவர் பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு வடையை எடுத்துக்கொண்டார். வெளியே ஒலிபெருக்கியில், விருந்தாளிக்கு முதலில் உணவு தருவது எங்கள் நாட்டு வழக்கம், அதன்படி இன்று நடக்கிறது என்று இரண்டு பாஷையில் அறிவிப்பு. பிறகு மந்திரியை முன்வாசலுக்குக் கூட்டிப் போனாள். பாட்டு, கொடி, பேச்சு, எல்லாம் ஒத்திகை பார்த்த மாதிரியே நடந்தது. என் தூணுக்குத் திரும்பி வந்து நின்றேன்.

காரில் வீடு திரும்பும்போது, “அப்பா தப்பு பண்ணிட்டனா சாமி?” என்று கேட்டேன்.

“வடை நல்லா இருந்துச்சுன்னு சொன்னாருங்கப்பா.” ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை யோசப் என்னை அங்காடிக்குக் கூட்டிப் போனபோது தன் நூறு வார்த்தையிலும் கைஜாடையிலும் மெல்லச் சொன்னார்; ஆபீஸ் முழுக்க அதே பேச்சாம். தங்களை நிற்க வைத்துவிட்டு மந்திரியை முதலில் சாப்பிட வைத்தது மரியாதையில்லை என்று இரண்டு நாட்டுத் தூதர்கள் குறைப்பட்டிருக்கிறார்கள். நம் தூதர் விளக்கம் கேட்டிருக்கிறார். மேடம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பக்கவாசலில் வரவேற்க ஆள் போடாதது தன் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறாள். அப்பா என்ற வார்த்தையே அந்தக் காகிதத்தில் இல்லையாம்.

நான் கையில் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதலில் எனக்கு வந்தது வருத்தம் இல்லை. இதனாலேயே டெல்லியில் இவளை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ, சென்னைதான் என்று ஆகிவிடுமோ என்று ஒரு சந்தோஷம் வந்தது. ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம் உருளைக்கிழங்கைக் கூடையில் போட்டேன். பெற்ற பெண் வேலையில் தலைகுனிய வேண்டும் என்று ஆசைப்படுகிற அளவுக்கு நான் வந்துவிட்டேன் என்று தெரிந்தது. அந்த வெறும் வீடு என்னை அப்படி ஆக்கி வைத்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை அவள் காபி குடிக்கும்போது உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள்.

“நீ எழுதிக் குடுத்த பேப்பர் விஷயம் தெரியும். என்னால உனக்குக் கெட்ட பேரு.”

“ஒன்னும் ஆகாதுங்கப்பா. இந்த வேலைல எல்லாரு ஃபைல்லயும் இப்படி நாலு பேப்பர் இருக்கும்.”

“டெல்லிக்கு அது தடையா இருக்குமா?”

“இருக்காதுங்க.”

அப்புறம் கேட்டேன். வாழ்க்கையில் யாரிடமும் கேட்டுப் பழகாதவன், எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. “சென்னைன்னு எழுதிரு கண்ணு. ஊட்டுல ஒருத்தனா இருக்க முடியல.”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். “அப்பா, நான் போன மாசமே எழுதிக் குடுத்துட்டேனுங்க.”

“என்னன்னு?”

“டெல்லின்னு. ஆர்டரும் வந்துருச்சு.”

வெளியே டிராம் போகிற சத்தம் கேட்டது.

“அப்ப இந்த வெள்ளிக்கிழமை கடைசின்னது?”

“பொய்தானுங்கப்பா.”

“இதுக்கு நான் இத்தன தூரம் அரிசி பருப்பத் தூக்கிக்கிட்டு வரோணுமா? போன்லயே சொல்லியிருக்கலாமல்ல?”

“சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?”

யோசித்துப் பார்த்தேன். வந்திருக்க மாட்டேன். மூன்று வருஷமாக அவள் கூப்பிடுகிறாள். ஷிப்மெண்ட் இருக்கிறது, ஆடிட் இருக்கிறது, தீபாவளி போனஸ் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். காரியம் என்று ஒன்று இருந்தால்தான் நான் நகர்வேன் என்று அவளுக்குத் தெரியும்.

“எட்டு நாள் இருப்பீங்கன்னு நெனச்சேன்” என்றாள். “ஊட்டுக்கு வந்தா லைட் எரியும்னு நெனச்சேன். விருந்து இந்த வாரத்துல வந்து விழுந்துருச்சு. அது மட்டும் என்ற கையில இல்லீங்க.”

“டெல்லி வேல உனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கா?”

“அதுதானுங்கப்பா எனக்குத் தெரிஞ்ச வேல. நீங்க கம்பெனிய விட்டுட்டு டெல்லி வருவீங்களா?”

“முந்நூறு பேரு இருக்கறாங்க.”

“அதேதானுங்க எனக்கும்.”

கோபித்துக்கொள்ள எனக்கு உரிமை இருந்தது. தேடிப் பார்த்தேன், கோபம் கிடைக்கவில்லை. புதன்கிழமை அந்த ஹால் வாசல்படியில் ஓட்டத்தை நடையாக மாற்றினாளே, அதுதான் கண்ணில் நின்றது. அப்படி வேலை தெரிந்த ஒருத்தியை என் கம்பெனியிலிருந்து வேறொருத்தன் வந்து, வீட்டில் ஆளில்லை, கூட்டிப் போகிறேன் என்று கேட்டால் நான் விடுவேனா?

“உனக்கு எப்ப லீவு?” என்று கேட்டேன்.

“ஞாயித்துக்கிழமை. நீங்க சனிக்கிழமை போறீங்களேப்பா.”

“டிக்கெட்ட மாத்த முடியுமா?”

“முடியுங்க” என்றாள். எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு போனில் யாரிடமோ இங்கிலீஷில் பேசினாள்.

சனிக்கிழமை அவளுக்கு வேலை, எனக்கு ஆற்றங்கரை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. ஆறு மணிக்கே எழுந்து குளித்துவிட்டு அரிசி, பருப்பு ஊற வைத்தேன். எங்கே போகலாம் என்று கேட்பாள், எங்கும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன். எட்டானது, அவள் எழவில்லை. பத்தானது. கதவைக் கொஞ்சம் திறந்து பார்த்தேன். குப்புறப் படுத்து, ஒரு கால் கட்டிலுக்கு வெளியே தொங்க, வாய் திறந்து தூங்குகிறாள். கதவை மூடிவிட்டு சமையல்கட்டில் வந்து உட்கார்ந்தேன். போன ஞாயிறு தனியாக இருந்த மாதிரியேதான் இந்த ஞாயிறும் இருந்தேன். நேரம் மட்டும் வேறு மாதிரி போனது.

பதினொன்றரைக்கு மேஜைமேல் இருந்த அவள் போன் அடித்தது. நாலாவது மணிக்குள் எடுத்துவிட்டேன். “மேடம் ஸ்லீப்பிங். ஃபாதர் ஸ்பீக்கிங்” என்றேன். அந்தப் பக்கம் தூதரின் உதவியாளர், ஹிந்திக்காரர், அவசரம் என்றார். என் கம்பெனியில் கற்றுக்கொண்ட ஹிந்தி எனக்குப் போதும். “கஹீன் ஆக் லகா ஹை க்யா?” என்று கேட்டேன். எங்கேயாவது தீப்பிடித்திருக்கிறதா? இல்லை சார், செவ்வாய்க்கிழமை வருகிறவர்கள் பட்டியலில் ஒரு சந்தேகம் என்றார். அப்படியானால் சாயங்காலம் பேசுவாள் என்று சொல்லி வைத்துவிட்டேன். பின்னால் இன்னும் இரண்டு போன். அவர்களுக்கும் அதே பதில்.

மூன்று மணிக்குத் தலையெல்லாம் கலைந்து, ஒரு கண்ணை மட்டும் திறந்துகொண்டு அறை வாசலில் வந்து நின்றாள்.

“மணி என்னங்கப்பா? போன் எங்க? யாராச்சும் கூப்புட்டாங்களா?”

“ஒருத்தரும் கூப்புடல சாமி. போய்ப் படு.”

சுவரைப் பிடித்துக்கொண்டே திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.